பெங்குவின்: வடகடலில் பிறந்து தென்கடலில் நிலைத்த ஒரு பெயர்

பெங்குவின் என்றதும் அண்டார்க்டிகாவின் பனிப்பரப்பில் கறுப்பும் வெள்ளையுமாக நிமிர்ந்து நடக்கும் பறவைக் கூட்டமே இன்று எவருடைய நினைவுக்கும் வரும். ஆனால், இச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுத்தில் பதிவான 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்டார்க்டிகா என்னும் கண்டத்தை எவரும் கண்டிருக்கவே இல்லை. சொல் முதலில் குறித்தது வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த வேறொரு பறவையை. இன்றைய பெங்குவினுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு எதுவும் கிடையாது. அந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடியோடு அழிந்துபோயிற்று. அதன் பெயர் மட்டும் பூமியின் மறுபாதியில் வாழும் மற்றொரு பறவையின் மேல் ஏறி நிலைத்துவிட்டது. ஆகவே இச்சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சொல் எந்த மொழியில், எப்பொருளில் பிறந்தது என்பது ஒன்று. ஒரு பறவையின் பெயர் இன்னொரு பறவைக்கு எவ்வாறு போனது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு உறுதியான விடை உண்டு. முதலாவதற்கு ஓரளவுக்கே உண்டு. எனவே உறுதியானதிலிருந்து தொடங்குவதே முறை.

பெயரின் முதல் உரிமையாளர்

ஆங்கிலத்தில் இப்போது ‘கிரேட் ஆக்’ என்று வழங்கப்படும் அந்த வடகடல் பறவை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமும் 5 கிலோ எடையும் கொண்டது. முதுகும் தலையும் கறுப்பு, வயிறு வெள்ளை. நிலத்தில் நிமிர்ந்து நின்று தத்தித் தத்தி நடக்கும், பறக்க இயலாது. உடலோடு ஒப்பிட்டால் சிறகுகள் மிகச் சிறியவை. ஆனால் அவற்றைத் துடுப்பாகக் கொண்டு நீருக்கடியில் மீனைத் துரத்திப் பிடிப்பதில் அது கைதேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மட்டும் கோடையின் தொடக்கத்தில் ஆளற்ற பாறைத்தீவுகளில் கூட்டமாகக் கரையேறி, இணைக்கு ஒரே ஒரு முட்டை இடும். கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஃபங்க் தீவு, ஐஸ்லாந்தின் தென்மேற்கிலுள்ள சில பாறைகள், ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள செயின்ட் கில்டா ஆகியன அது கரையேறிய இடங்களில் பெயர்பெற்றவை.

இந்த வருணனையைப் படிக்கும் எவரும் “இது பெங்குவின்தானே” என்று கேட்பார்கள். கடலோடிகளும் அவ்வாறே எண்ணினார்கள். தோற்றத்தில் அத்தனை ஒற்றுமை இருந்தும் வம்ச வழியில் இரண்டும் வேறு. கிரேட் ஆக், கடற்காகங்களை உள்ளடக்கிய பெரும் வரிசையைச் சேர்ந்தது. இன்றும் வட அட்லாண்டிக்கில் பறந்து திரியும் ரேஸர்பில் என்னும் சிறிய பறவையே அதன் மிக நெருங்கிய உறவு. தெற்கத்திப் பெங்குவினுக்கோ ஆல்பட்ரோஸ் முதலிய நெடுந்தொலைவு பறக்கும் கடற்பறவைகளே உறவு. குளிர்ந்த கடலில் நீருக்கடியில் இரை தேடும் வாழ்க்கைக்குச் சிறிய, வலிய சிறகும் கொழுப்பு மண்டிய பருத்த உடலும் தேவைப்படுகின்றன. வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியே அந்த வாழ்க்கைக்குப் பழகிய இரு பறவைகள் தனித்தனியே ஒரே வடிவத்தை அடைந்தன. உயிரியலில் இதனைக் குவிபரிணாமம் என்பர். பெயர் இடம் மாறியதற்கு இந்த வடிவ ஒற்றுமையே அடிப்படைக் காரணம்.

எழுத்தில் கிடைக்கும் முதல் தடங்கள்

ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்பவர் முதலில் தேட வேண்டியது, அது எங்கே, எந்த ஆண்டில், எதைக் குறித்து எழுதப்பட்டது என்பதை. பெங்குவின் விஷயத்தில் நல்வாய்ப்பாக மிகத் தெளிவான ஓர் ஆவணம் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடிப் பகுதிக்குப் பலமுறை சென்றுவந்த பிரிஸ்டல் வணிகர் ஆந்தனி பார்க்கர்ஸ்ட், 1578ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் வழக்கறிஞர் ரிச்சர்ட் ஹாக்லூட்டுக்கு எழுதிய கடிதத்தில், அப்பகுதியின் வளங்களை விவரிக்கும்போது பெங்குவின் என்று பெயர் கொண்ட ஒரு தீவைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள பறவைகளைப் பலகையொன்றின் வழியே ஓட்டிக் கப்பலுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும், அவற்றுக்கும் பெங்குவின் என்றே பெயர் என்றும், அவை பறக்க மாட்டா என்றும், ஒன்றில் இருக்கும் இறைச்சி ஒரு வாத்தில் இருப்பதைவிட அதிகம் என்றும் அவர் எழுதுகிறார். வடகடலில் கூட்டமாகக் கரையேறும் பறக்காத பெரும்பறவை கிரேட் ஆக்கைத் தவிர வேறில்லை என்பதால், இங்கே சொல் எதைக் குறிக்கிறது என்பதில் ஐயமில்லை.

இக்கடிதத்தில் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதலில் தீவின் பெயரைச் சொல்லி, அதன் பிறகே பறவைக்கும் அதே பெயர் என்கிறார் பார்க்கர்ஸ்ட். தீவிலிருந்து பறவைக்குப் பெயர் போயிற்றா, பறவையிலிருந்து தீவுக்குப் போயிற்றா என்பதை இந்த வரிசை மட்டும் தீர்மானித்துவிடாது. எனினும் பின்னால் வரும் விவாதத்துக்கு இது முக்கியமானது. 1583இல் ஹம்ப்ரி கில்பர்ட்டின் நியூஃபவுண்ட்லாந்துப் பயணத்தில் உடன் சென்ற எட்வர்ட் ஹேய்ஸ் தம் அறிக்கையில் இதற்கு மறுதலையாக எழுதுகிறார்: நம்ப முடியாத எண்ணிக்கையில் அங்கே குஞ்சு பொரிக்கும், சிறகு உடலைத் தாங்காத, மிகவும் கொழுத்த ஒரு பறவையின் பெயரால்தான் அத்தீவு பெங்குவின் தீவு எனப்பட்டது என்கிறார் அவர். பிரெஞ்சு மீனவர்கள் அவற்றைச் சிரமமின்றிப் பிடித்து உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்துக்கொண்டார்கள் என்ற செய்தியும் அவர் தருவதே.

பார்க்கர்ஸ்ட் கடிதம் எழுதிய அதே 1578ஆம் ஆண்டில், உலகின் மறுமுனையில், பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்கள் தென் அமெரிக்காவின் அடிமுனையிலுள்ள மெகல்லன் நீரிணைக்குள் நுழைந்தன. (டிரேக்கின் தலைமைக் கப்பலுக்கு அதுவரை இருந்த பெயர் ‘பெலிக்கன்’, நீரிணையின் வாயிலில்தான் அது ‘கோல்டன் ஹைண்ட்’ ஆயிற்று. ஒரு பறவைப் பெயர் உதிர்ந்த இடத்திலேயே இன்னொரு பறவைப் பெயர் ஒட்டிக்கொண்டது.) ஆகஸ்டு மாதத்தில் அங்கிருந்த தீவுகளில் இறங்கிய மாலுமிகள், பறக்க இயலாத, வாத்தளவான பறவைகளை எண்ணற்றுக் கண்டு, ஒரு நாளுக்குள் 3000 பறவைகளைக் கொன்று உணவுக்குச் சேர்த்துக்கொண்டதாக அப்பயண விவரங்கள் கூறுகின்றன. கப்பலில் இருந்த பாதிரியார் பிரான்சிஸ் ஃபிளெச்சரின் குறிப்புகளைக் கொண்டு 1628இல் அச்சான பயண நூல், இப்பறவைகளை வெல்ஷ்காரர்கள் பெங்குவின் என்று பெயரிட்டதாகவும், முன்பு மெகல்லன் இவற்றை வாத்துகள் என்றே அழைத்ததாகவும் சொல்கிறது.

இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடித் தொழிலில் ஈடுபட்ட மாலுமிகளிடையே ஏற்கெனவே புழங்கிய பெயர் அது. அதே மாலுமி வட்டத்தைச் சேர்ந்தவர்கள் தென்கடலில் அதே நிறமும் நிற்கும் விதமும் பறக்காத இயல்பும் கொண்ட பறவையைக் கண்டபோது, புதுப்பெயர் தேடாமல் தெரிந்த பெயரையே சூட்டினார்கள். பறவை நூல் எழுதும் நோக்கம் அவர்களுக்கு இல்லை; உணவாகக்கூடியது, எளிதில் பிடிபடுவது என்ற அளவில் இரண்டும் அவர்களுக்கு ஒன்றே.

தெற்கத்திப் பறவையை அவர்களுக்கு முன்பே பார்த்த ஐரோப்பியர்களிடம் இச்சொல் இல்லை என்பதும் இதை உறுதிப்படுத்துகிறது. 1497இல் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் நின்றபோது, வாத்தளவான, பறக்க மாட்டாத, கழுதையைப்போல் கத்தும் பறவைகளைக் கண்டதாக அப்பயணத்தின் நாட்குறிப்பு கூறுகிறது. அது தரும் பெயர் வேறு. ஆனால் வருணனை பிசகாதது: ஆப்பிரிக்கப் பெங்குவினின் குரல் இன்றும் கழுதைக் கத்தலைப்போலத்தான் இருக்கும். 1520இல் மெகல்லனுடன் சென்ற இத்தாலியரான பிகாஃபெட்டாவும் தென் அமெரிக்கக் கரையில் கண்டவற்றை வாத்துகள் என்றே எழுதினார். அவர்களில் எவருக்கும் நியூஃபவுண்ட்லாந்துப் பறவையோடு பழக்கம் இருந்திருக்கவில்லை. ஆகவே அதன் பெயரும் தெரிந்திருக்கவில்லை.

வெல்ஷ் மொழியில் வேர்

இனி முதல் கேள்விக்கு வரலாம். பெரும்பாலான அகராதிகள் முதலில் தரும் விளக்கம், இச்சொல் வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியிலிருந்து வந்தது என்பதாகும். வெல்ஷில் ‘பென்’ என்றால் தலை, ‘க்வின்’ என்றால் வெள்ளை. ‘பென் க்வின்’ என்றால் வெண்தலை. தமிழில் அடைமொழி முன்னால் வந்து ‘வெண்தலை’ என்றாகிறது. வெல்ஷில் பெயர்ச்சொல் முன்னும் பெயரடை பின்னும் வருவதே இயல்பு என்பதால், ‘தலை வெள்ளை’ என்ற வரிசை அம்மொழியின் இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்தும். வெல்ஷில் பெண்பால் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் பெயரடை வடிவம் திரியும். ‘பென்’ ஆண்பால் என்பதால் ‘க்வின்’ திரியாமல் நிற்பதும் சரியே. ஒலியும் இலக்கணமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது சொல்லாராய்ச்சியில் அடிக்கடி நிகழ்வதன்று.

வரலாற்றுச் சூழலும் இடம் தருகிறது. நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பல் விட்ட முக்கிய ஆங்கிலத் துறைமுகங்களில் ஒன்றான பிரிஸ்டல், செவர்ன் கழிமுகத்தின் ஒரு கரையில் இருக்கிறது, மறுகரை வேல்ஸ். பிரிஸ்டல் கப்பல்களில் வெல்ஷ் மாலுமிகள் இருந்திருப்பார்கள் என்று கருதுவதில் தவறில்லை. டிரேக்கின் பயண நூலும் வெல்ஷ்காரர்களின் பெயர் என்றே சொல்கிறது.

இடையூறு ஒன்றே ஒன்றுதான்; ஆனால் அது பெரியது. கிரேட் ஆக்கின் தலை கறுப்பு. தெற்கத்திப் பெங்குவின்களிலும் பெரும்பாலானவற்றின் தலை கறுப்பு. கறுத்த தலையுடைய பறவைக்கு வெண்தலை என்று எவர் பெயரிடுவார்?

இதற்கு இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கோடைக்காலத்தில் கிரேட் ஆக்கின் அலகுக்கும் கண்ணுக்கும் இடையே பெரிய நீள்வட்டமான வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது என்பது. மீனவர்கள் அதைக் கரையில் கண்டது அந்தப் பருவத்தில்தான். கன்னங்கரிய தலையில் அத்திட்டு பளிச்சென்று தெரிந்திருக்கும். மெகல்லன் நீரிணையில் வாழும் பெங்குவினுக்கும் தலையைச் சுற்றி வளைந்து செல்லும் வெள்ளைப் பட்டை உண்டு. ஆகவே தலையில் வெள்ளை உள்ளது என்ற பொருளில் பெயர் அமைந்திருக்கலாம்.

இரண்டாவது சமாதானம் எனக்கு இன்னும் ஈர்ப்புடையதாகத் தோன்றுகிறது. வெல்ஷ் மொழியில் ‘பென்’ என்பது உடலின் தலையை மட்டுமன்றி நிலத்தின் முனையையும் குன்றின் உச்சியையும் குறிக்கும். பென்சான்ஸ் முதலாக ‘பென்’ என்று தொடங்கும் பல ஊர்ப்பெயர்கள் வேல்ஸிலும் அதன் உறவு மொழி வழங்கிய கார்ன்வாலிலும் உண்டு. மன்னார்த் தீவின் முனையைத் தலைமன்னார் என்று வழங்கும் நமக்கு இப்பொருள் விரிவு புதிதன்று. அவ்வாறாயின் ‘பென் க்வின்’ என்பது முதலில் ‘வெள்ளை முனை’ என ஓர் இடத்தின் பெயராக இருந்து, அவ்விடத்தில் நிறைந்திருந்த பறவைக்குப் பின்னர் ஆகியிருக்கலாம். இலட்சக்கணக்கான கடற்பறவைகள் கூடும் பாறைத்தீவு அவற்றின் எச்சத்தால் வெண்மையாகத் தோற்றமளிப்பது இயல்பு. பார்க்கர்ஸ்ட் தீவின் பெயரை முதலில் சொல்லிப் பறவையின் பெயரை அடுத்துச் சொன்னது இங்கேதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஹேய்ஸ் நேர்மாறாகச் சொல்வதையும் மறைக்க முடியாது. இந்த வாதத்தின் பலவீனம் அதுவே.

விளக்கம் சொன்னவர்களின் நோக்கம்

சொல்லின் பொருளைக் கூறுபவர் யார், அவர் எதற்காகக் கூறுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பெங்குவினுக்கு வெல்ஷ் விளக்கம் தரும் மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று, டேவிட் இங்கிரம் என்னும் மாலுமியுடையது. 1568இல் ஜான் ஹாக்கின்ஸின் கப்பல்கள் மெக்சிகோக் கரையில் ஸ்பானியரிடம் தோற்றுச் சிதைந்தபோது கரையில் இறக்கிவிடப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து வட அமெரிக்கா முழுவதையும் நடந்தே கடந்து, பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏறி நாடு திரும்பியதாகச் சொன்ன அவரை, 1582இல் அரசாங்கத்தின் சார்பில் விசாரித்தார்கள். அவர் வாக்குமூலத்தில், வாத்தைப்போன்ற, பறக்க இயலாத, ஆடுகளைப்போல் முன்னால் ஓட்டிச் செல்லக்கூடிய கொழுத்த பறவைகள் வருகின்றன; அவற்றுக்குத் தலை வெள்ளை என்றும், ஆகையால் அந்நாட்டு மக்கள் அவற்றைப் பெங்குவின் என்கிறார்கள் என்றும், அது வெல்ஷ் பெயராகத் தோன்றுகிறது என்றும் அவ்வாக்குமூலம் கூறுகிறது.

அமெரிக்கப் பழங்குடி மக்கள் வெல்ஷ் பேசியதாக ஏன் சொல்ல வேண்டும்? விடை அக்கால அரசியலில் இருக்கிறது. வேல்ஸின் க்வினெத் நாட்டு மன்னன் ஓவைனின் மகனான மடோக், ஏறத்தாழ 1170இல் மேற்கே கடல் கடந்து சென்று ஒரு புதிய நாட்டில் குடியேறினான் என்றொரு கதை உண்டு. கொலம்பஸ் 1492இல் அமெரிக்காவை அடைந்ததைக் காட்டி ஸ்பெயின் அக்கண்டத்துக்கு உரிமை கோரியபோது, அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெல்ஷ் இளவரசன் ஒருவன் அங்கே போயிருந்தான் என்று காட்ட முடிந்தால், வெல்ஷ் வழிவந்த டியூடர் குலத்து அரசியான முதலாம் எலிசபெத்துக்கே முன்னுரிமை என்று வாதிடலாம் அல்லவா? 1583இல் கில்பர்ட்டின் குடியேற்றத் திட்டத்துக்கு ஆதரவு தேடிச் சிறுநூல் வெளியிட்ட ஜார்ஜ் பெக்கம் இந்த வாதத்தையே வைத்தார். அமெரிக்காவில் வழங்கும் வெல்ஷ் சொற்கள் என்று அவர் சுட்டியவற்றில் பெங்குவினும் ஒன்று. அரை நூற்றாண்டுக்குப் பின், 1634இல் பயண நூல் எழுதிய தாமஸ் ஹெர்பர்ட்டும் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் தாம் கண்ட பெங்குவினைச் சொல்லும்போது அதே வெல்ஷ் விளக்கத்தைத் தருகிறார்.

மடோக் கதைக்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை. இங்கிரமின் வாக்குமூலத்தை 1589இல் தம் பயணத் தொகுப்பில் அச்சிட்ட இளைய ரிச்சர்ட் ஹாக்லூட் (வழக்கறிஞரின் உறவினர்), அடுத்த பதிப்பில் அதனை நீக்கிவிட்டார் என்பதே அதன் நம்பகத்தன்மையைப் பற்றிப் போதுமான தீர்ப்பு. அவ்வாறாயின் வெல்ஷ் விளக்கமும் பொய்தானா என்றால், அப்படி முடிவுகட்டுவது அவசரம் ஆகும். பெக்கம் ஒரு சொல்லைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதால் அச்சொல் வெல்ஷ் அல்லாததாகிவிடாது. வெல்ஷ் மாலுமிகள் நியூஃபவுண்ட்லாந்தில் இட்ட பெயராக அது இருந்திருந்தால், அதைக் கேட்டுத்தான் அவருக்கு அந்த எண்ணமே தோன்றியிருக்கக்கூடும். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது இவ்வளவே: தலை வெள்ளை என்று அக்கால ஆவணம் ஒன்று சொல்வதை, பறவையை நேரில் பார்த்தவரின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெல்ஷ் வேர் முதலில் மனத்தில் இருந்து, அதற்கு ஏற்பத் தலைக்கு வெள்ளை பூசப்பட்டிருக்கலாம்.

பிற விளக்கங்கள்

மற்ற விளக்கங்கள் இரண்டையும் சுருக்கமாகவே பார்க்கலாம். இலத்தீனில் ‘பிங்குவிஸ்’ என்றால் கொழுத்தது. தாவரவியலறிஞர் க்ளூசியஸ் 1605இல் வெளியிட்ட நூலில், மெகல்லன் நீரிணைக்குச் சென்றுவந்த டச்சு மாலுமிகள் கண்ட பறவையை விவரிக்கும்போது பெயரைக் கொழுப்போடு தொடர்புபடுத்துகிறார். பொருள் மிக நன்றாகப் பொருந்துகிறது; பறவையைப் பற்றி எழுதிய எல்லோரும் அதன் கொழுப்பைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் உப்புக்கண்டம் போடுவதற்குப் பறவை பிடித்த மீனவர்கள் இலத்தீனில் பெயரிட்டார்கள் என்பது நம்பக் கடினம். மேலும் மிகப் பழைய ஆங்கில எழுத்து வடிவங்கள் ‘பெ’ என்ற உயிரோடுதான் தொடங்குகின்றன. ‘பி’ என்ற உயிர் பிற ஐரோப்பிய மொழிகளில் பின்னர் தோன்றியது. அம்மொழிகளின் வடிவத்தை இலத்தீன் சொல் பாதித்திருக்கலாம். மூலமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

‘பின் விங்’ என்னும் ஆங்கிலத் தொடர், அதாவது கட்டுண்ட அல்லது தறிக்கப்பட்ட சிறகு, திரிந்து பெங்குவின் ஆயிற்று என்பது மற்றொன்று. நியூஃபவுண்ட்லாந்தில் இத்தகைய உச்சரிப்பு பிற்காலத்தில் வழங்கியதுண்டு. ஆனால் மிகப் பழைய ஆவணம் எதிலும் அவ்வடிவம் இல்லை. பொருள் விளங்காத ஒரு சொல்லை மக்கள் தமக்குத் தெரிந்த சொற்களாகப் பிரித்துப் பொருள் கற்பித்துக்கொள்வது எல்லா மொழியிலும் உண்டு. அத்தகைய விளக்கங்கள் காலத்தால் பிந்தியே தோன்றும். இதுவும் அவ்வகையே.

நான்கு அளவுகோல்களை வைத்து நோக்கினால், அதாவது காலம், ஒலி, பொருள், சொல்லை வழங்கிய மக்கள் என்று பார்த்தால், வெல்ஷ் விளக்கம் மூன்றில் தேறுகிறது. பொருளில் மட்டும் தடுமாறுகிறது. இலத்தீன் விளக்கம் பொருளில் தேறி மற்றவற்றில் தவறுகிறது. அகராதிகள் வெல்ஷை முன்வைத்துவிட்டு, ‘இருக்கலாம்’ என்றொரு சொல்லையும் உடன் சேர்ப்பது இதனாலேயே. அகராதி காட்டும் அந்தத் தயக்கத்தைப் பலர் படிக்காமல் தாண்டி, ‘வெண்தலை’ என்பதை முடிந்த முடிவாக எழுதிவிடுகிறார்கள்.

வடக்கே பறவை இல்லாமற்போனது

இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இரு பறவைகளுக்கும் ஒரே பெயர் வழங்கியது. 1534இல் ஃபங்க் தீவுக்கு வந்த பிரெஞ்சு மாலுமி ஷாக் கார்த்தியே, அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகுகள் நிறையப் பறவைகளை நிரப்பியதாக எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் இறைச்சிக்காக நடந்த வேட்டை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெத்தைக்கும் தலையணைக்கும் இறகு சேர்க்கும் தொழிலாக மாறியபோது அழிவு விரைந்தது. கோடை முழுவதும் தீவிலேயே தங்கிய ஆட்கள், இறகு பிடுங்குவதற்காகப் பறவைகளை வெந்நீரில் அமிழ்த்தினார்கள். விறகு கிடைக்காத பாறைத்தீவில் வெந்நீர் காய்ச்சுவதற்கு, கொழுத்த அப்பறவைகளின் உடல்களையே எரித்தார்கள். லாப்ரடார்ப் பகுதியில் வணிகம் செய்த ஜார்ஜ் கார்ட்ரைட் 1785இல் தம் நாட்குறிப்பில், இப்படியே போனால் இந்த இனம் மிகச் சுருங்கிவிடும் என்று எச்சரித்தார். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டோடு ஃபங்க் தீவில் அது இல்லாமற்போயிற்று.

அரிதாகிவிட்ட பறவைக்கு அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் கொடுத்த விலை, எஞ்சியவற்றுக்கும் எமனாயிற்று. 1844ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே பாறைத்தீவில் ஒரு சேகரிப்பாளருக்காக இறங்கிய மூவர், முட்டையோடு இருந்த ஓர் இணையைக் கொன்றனர். அங்கிருந்த முட்டையும் உடைந்தது. இனப்பெருக்கம் செய்ததாக உறுதியாக அறியப்பட்ட கடைசி இணை அதுவே. 1858இல் ஐஸ்லாந்துக்குச் சென்ற ஆங்கிலப் பறவையியலாளர்களான ஜான் வூலியும் ஆல்ஃபிரட் நியூட்டனும், பறவையைத் தேடிக் காணாமல், வேட்டையாடியவர்களிடம் நேரில் கேட்டு இவ்விவரங்களைப் பதிவு செய்தார்கள். நியூட்டன் பின்னர் பிரிட்டனில் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர முனைந்து உழைத்தார். 1869இல் அச்சட்டம் நிறைவேறியது.

இவ்வாறு வடக்கே பெயருக்கு உரியது மறைந்தது. தெற்கே அப்பெயரை ஏற்றவை நிலைத்தன. ஆங்கிலப் பறவையியல் நூல்கள் குழப்பத்தைத் தவிர்க்க வடகடல் பறவையைக் ‘கிரேட் ஆக்’ என்று எழுதத் தொடங்கின. இதில் ‘ஆக்’ என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது.

அறிவியல் பெயர்களில் மட்டும் பழைய உரிமை இன்றும் நிற்கிறது. 1791இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பொன்னத்தேர் அமைத்த ‘பிங்குவினஸ்’ என்னும் பேரினத்தில், புதைபடிவமாக மட்டும் அறியப்பட்டதை விட்டால், இன்று இருப்பது அழிந்துபோன கிரேட் ஆக் ஒன்றே. அதன் முழுப்பெயர் பிங்குவினஸ் இம்பென்னிஸ். உயிரோடிருக்கும் பெங்குவின்களில் ஒன்றுகூட அப்பேரினத்தைச் சேர்ந்ததன்று. அவற்றின் குடும்பப் பெயர் ஸ்ஃபெனிசிடே. அது சிற்றாப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆப்பு வடிவச் சிறகைக் குறிப்பது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸுக்கே இவற்றை எங்கே வைப்பது என்பதில் தடுமாற்றம் இருந்தது. ஆப்பிரிக்கப் பெங்குவினை அவர் 1758இல் ஆல்பட்ரோஸின் பேரினத்தில் சேர்த்தார். அன்றைக்குப் பிழையாகத் தோன்றிய அந்த முடிவு, உறவுமுறையைப் பொறுத்தவரை அவர் அறிந்ததைவிட உண்மைக்கு அருகில் இருந்தது.

பிரெஞ்சு மொழி வேறு வழியில் சென்றது. புஃபோன் முதலிய 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ‘பாங்குவான்’ என்ற பெயரை வடகடல் பறவைகளுக்கே நிறுத்திவைத்து, தெற்கத்திப் பறவைகளுக்கு ‘மான்ஷோ’ என்ற சொல்லைக் கொடுத்தனர்; கை ஊனமுற்றவர் என்பது அதன் பொருள். இன்றுவரை பிரெஞ்சுப் பறவை நூல்களில் அந்த வேறுபாடு காக்கப்படுகிறது. அன்றாடப் பேச்சிலோ பிரெஞ்சுக்காரர்களும் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள். ஐஸ்லாந்து மொழி பெங்குவினைக் கொழுப்பு வாத்து என்ற பொருளில் ‘மோர்காய்ஸ்’ என்கிறது. சீனமோ நிமிர்ந்து நிற்கும் வாத்து என்ற பொருளில் ‘ச்சீ அ’ என்கிறது. மெகல்லன் காலத்து மாலுமிகளைப்போலவே இவ்விரு மொழிகளும் வாத்திலிருந்தே தொடங்கியிருப்பது கவனத்துக்குரியது.

தமிழில் இச்சொல் ஆங்கிலத்தின் வழியாக ஒலிபெயர்ப்பாகவே வந்தது. பென்குயின், பெங்குயின், பெங்குவின் என்று எழுத்து வடிவங்கள் பல வழங்குகின்றன. ஆங்கில உச்சரிப்பில் நடுவிலுள்ள மூக்கொலி ‘ன்’ அன்று, ‘ங்’. பின்வரும் ‘க’ ஒலியின் பிறப்பிடத்துக்கு முன்னுள்ள மூக்கொலி நகர்ந்துவிடுகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆவதும் இதே இயல்பால்தான். ஆகவே இக்கட்டுரையில் பெங்குவின் என்று எழுதப்பட்டிருக்கிறது. பென்குயின் என்று எழுதுவோர் அறியாமலே வெல்ஷ் வேரின் ‘பென்’ என்பதைக் காப்பாற்றி வருகிறார்கள் எனலாம்.

வெல்ஷ் மொழியிலேயே இன்று நிலைமை என்ன என்பது இறுதியாகச் சொல்ல வேண்டிய சான்று. அம்மொழியில் தெற்கத்திப் பறவைக்கு ‘பெங்குவின்’ என்றே பெயர். ஆனால் வெள்ளை என்னும் சொல்லுக்குரிய எழுத்துகளால் அது எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெற்ற கடன்சொல்லாகவே எழுதப்படுகிறது. மறைந்துபோன வடகடல் பறவைக்கோ வெல்ஷில் ‘கார்வில் மௌர்’ என்று வேறொரு பெயர் இருக்கிறது. வெல்ஷ் மாலுமிகள் அப்பெயரைத் தந்திருந்தால், அது அவர்களின் கப்பலோடு போயிற்றேயன்றி அவர்களின் ஊருக்கு வந்து சேரவில்லை.